விதைக்கும் முன் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: இறக்குமதி, ஏற்றுமதி, வரி, தடை, அவற்றால் உழவர் வீட்டில் நடப்பது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

எங்க ஊர்க் கடலை எங்க ஊர்ச் செக்கைத் தாண்டிப் போறதில்லை. உலகச் சந்தை எங்களை என்ன செய்துவிடும்?
– கடலை விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் கடலை வெளிநாடு போகவில்லை. ஆனால் வெளிநாட்டு எண்ணெய் உங்கள் ஊர் மளிகைக் கடைக்கு வந்துவிட்டது. அது போதும். பாமாயில் மலிவாகக் கிடைக்கும் மாதத்தில் கடலை எண்ணெய் வாங்குகிறவர்கள் குறைவார்கள். எண்ணெய் தேங்கினால் உங்கள் மூட்டைக்கு மில்காரர் சொல்லும் விலை இறங்கும். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 1.6 கோடி டன் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறது. நாம் பயன்படுத்துவதில் அது பாதிக்கும் மேல். 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்து, நான்கு வாரத்துக்குள் விலக்கிக்கொண்டது. ஜகார்த்தாவில் எடுத்த அந்த முடிவுக்கு நம் கடைகளில் எல்லா எண்ணெயின் விலையும் ஆடியது. சரக்கு எல்லை தாண்டத்தான் கப்பல் வேண்டும். விலைக்கு அது தேவையில்லை.

நாங்கள் தேங்காயை வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருந்த காலத்திலும் ரேஷன் கடையில் பாமாயில்தான் கொடுத்தார்கள். இது நியாயமா?
– தென்னை விவசாயி, ஆனைமலை

உங்கள் ஆதங்கம் நியாயமானது. அந்த ஒரு பாக்கெட் பாமாயிலை நம்பிச் சமைக்கும் ஏழை வீட்டின் தேவையும் நியாயமானது. இரண்டு நியாயங்களை மோதவிட்டு அரசு ஒதுங்கி நிற்பதுதான் தவறு.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 1986-ல் எண்ணெய் வித்துகளுக்கென்று மத்திய அரசு தனி இயக்கம் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவை எட்டினோம். 1994-ல் பாமாயில் இறக்குமதியைத் திறந்துவிட்டோம். அதன்பிறகு வரி ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. அண்மைய உதாரணம்: கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரி 2024 செப்டம்பரில் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. 2025 மே மாத இறுதியில் 10 சதவீதமாகக் குறைந்தது. இடையில் ஒன்பது மாதம்கூட இல்லை. நட்ட தென்னை காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டு ஆகிறது. ஒரு மரம் பலன் தருவதற்குள் வரி எத்தனை முறை மாறும் என்று தெரியாமல் ஒருவர் எந்தத் தைரியத்தில் கன்று வைப்பார்?

ரேஷனில் தேங்காய் எண்ணெயும் வேண்டும் என்று உங்கள் பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். விலை வீழ்ந்த காலத்தில் அரசு வாங்கி, மானியத்தில் கொடுத்தால் உங்களுக்கும் அந்த ஏழை வீட்டுக்கும் ஒரே செலவில் உதவ முடியும். அது பரிசீலிக்க வேண்டிய கோரிக்கை.

வெங்காயம் விலை ஏறினால் எங்கள் பாடு திண்டாட்டம். ஏற்றுமதியைத் தடை செய்தால் நல்லதுதானே?
– இல்லத்தரசி, மதுரை

உங்களுக்கு நல்லது, அம்மா. யார் செலவில் நல்லது என்பதுதான் கேள்வி.

2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. அக்டோபரில் டன்னுக்கு 800 டாலருக்குக் குறைந்து விற்கக் கூடாது என்று நிபந்தனை. டிசம்பரில் முழுத் தடை. 2024 மே மாதம் தடை நீங்கி, 550 டாலர் நிபந்தனையும் 40 சதவீத வரியும். செப்டம்பரில் நிபந்தனை போய், வரி பாதியானது. 2025 ஏப்ரல் 1-ல் வரியும் போனது. இருபது மாதத்துக்குள் ஆறு முறை விதி மாறியது. நாசிக் விவசாயி நாற்று நட்டபோது இருந்த விதி, அறுத்தபோது இல்லை.

நகரத்துச் சமையலறையைக் காப்பது அரசின் கடமை. அதற்கு அரசே முன்கூட்டிக் கொள்முதல் செய்து சேமித்து, தட்டுப்பாட்டில் வெளியே விடலாம். ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாக உதவலாம். இவற்றுக்குப் பணம் வேண்டும். ஏற்றுமதித் தடைக்கு அரசுக்குப் பெரிதாகச் செலவில்லை. அந்தத் தடை செலவு முழுவதையும் வெங்காயம் விளைவித்தவர் தலையில் வைத்துவிடுகிறது.

உலக வர்த்தக அமைப்பு, பச்சைப் பெட்டி, மஞ்சள் பெட்டி என்கிறார்கள். தலை சுற்றுகிறது. சுருக்கமாகச் சொல்வீர்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

1995 ஜனவரி 1-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதன் வேளாண் ஒப்பந்தம் அரசுகள் தரும் மானியங்களைப் பிரித்தது. ஆராய்ச்சி, பயிற்சி போலச் சந்தை விலையை அதிகம் அசைக்காதவை பச்சை. எவ்வளவும் தரலாம். விலையை நேரடியாகத் தூக்குபவை மஞ்சள். அதற்கு வரம்பு உண்டு. வளரும் நாடுகளுக்கு, பயிரின் மொத்த மதிப்பில் 10 சதவீதம்.

சிக்கல் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது. நெல்லுக்கு நம் அரசு தரும் ஆதரவு விலையை ஒப்பிடுவது இன்றைய சந்தை விலையோடு அல்ல, 1986–88 கால விலையோடு. அன்றைய விலையோடு ஒப்பிட்டால் இன்றைய நியாயமான விலைகூட மானியமாகத்தான் தெரியும். அப்படித்தான் 2018–19-ல் நெல்லுக்கு இந்தியா வரம்பைத் தாண்டியதாகக் கணக்கு வந்தது. அந்த அமைப்பின் 2013 பாலி மாநாட்டில் வழக்கிலிருந்து பெற்ற தற்காலிகப் பாதுகாப்பைக் காட்டித்தான் தப்பினோம். இன்னொரு பக்கம், ஒப்பந்தத்துக்கு முன்பே ஏராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர்வரை மஞ்சள் மானியம் தரும் உரிமை மிஞ்சியது. நிறையக் கொடுத்தவருக்கு நிறைய உரிமை. கொடுக்க வழியில்லாதவருக்குக் கொஞ்சம் உரிமை.

அமெரிக்கா தன் விவசாயிக்குக் கொடுத்தால் நமக்கென்ன?
– வங்கி ஊழியர், சேலம்

உலகச் சந்தையில் அந்த விவசாயி உங்கள் விவசாயிக்குப் பக்கத்துக் கடை. விலை வீழ்ந்தபோதும் மானியத்தின் பலத்தில் அவர் விளைச்சலைக் குறைக்காமல் விற்றுக்கொண்டே இருந்தால், மானியம் இல்லாதவரும் அதே விலைக்கு இறங்க வேண்டும். பெனின், புர்க்கினா பாசோ, சாட், மாலி என்ற நான்கு மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் 2003-ல் இதைத்தான் உலக வர்த்தக அமைப்பில் சொன்னன. அவற்றின் ஏற்றுமதியின் உயிர்நாடி பருத்தி. அதே அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்துப் பிரேசில் 2002-ல் வழக்குப் போட்டு வென்றது. 2014-ல் 30 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமாதானமானது. வழக்கு நடத்தும் வலிமை இருந்த நாட்டுக்கு நஷ்டஈடு கிடைத்தது. வழக்கு நடத்த முடியாத நாட்டு விவசாயிக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பருத்தி இறக்குமதிக்கு வரி நீக்கியது நல்லதா கெட்டதா? நூல் விலை குறைந்தால்தான் எங்களுக்கு வேலை.
– பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்

உங்கள் வேலை எனக்கு முக்கியம். பெரம்பலூரில் கரிசல் நிலத்தில் பருத்தி போட்டவரின் விலையும் முக்கியம். 2021-ல் விதித்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19-ல் நீக்கினார்கள். அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்ட நேரம் அது. திருப்பூருக்கு உதவி தேவைதான். முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை நாட்டின் பல பகுதிகளில் புதுப் பருத்தி மண்டிக்கு வரும் காலம். அங்கெல்லாம் பருத்தி போட்டவர்கள் ஜூன், ஜூலையிலேயே விதைத்துவிட்டார்கள். வாஷிங்டன் அடித்த அடியை அரசு திருப்பூரிடமிருந்து தடுத்தது. அந்த அடி பருத்திக் காட்டின் மேல் விழுந்தது. ஆலைக்கு நேரடி உதவி தந்து, வரிவிலக்கை நம் நாட்டில் அதிகம் விளையாத, ஏற்கெனவே விலக்குப் பெற்றிருந்த மிக நீள இழைப் பருத்தியோடு நிறுத்தியிருந்தால் இருவரையும் காப்பாற்றியிருக்கலாம்.

எங்கள் தேயிலைக்கு மட்டும் ஏன் விடிவே இல்லை?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

நீலகிரித் தேயிலைக்கு ஒரு காலத்தில் பெரிய வாடிக்கையாளர் சோவியத் ஒன்றியம். ரூபாயில் வாங்கினார்கள், நிறைய வாங்கினார்கள். அந்தத் தேவையை நம்பி மலைச்சரிவில் காய்கறியை விட்டுத் தேயிலைக்கு வந்த குடும்பங்கள் பல. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. அதன்பின் 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது, கொழுந்து பறிக்கும் கூலிக்கே கட்டாத நிலை வந்தது.

விலை விழுந்தால் நெல்காரர் அடுத்த பருவம் உளுந்துக்கு மாறலாம். தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு அப்படி மாற முடியாது. ஆகவே உங்களுக்குத் தேவை ஒரு பெரிய வாடிக்கையாளர் அல்ல, பல வாடிக்கையாளர்கள். உங்கள் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் அமைந்த காரணமே சிறியவர்கள் சேர்ந்து பேரம் பேசத்தான். அவற்றில் தரமான தூளுக்கு நல்ல விலை கிடைத்து, அந்த விலை கொழுந்து கொடுத்தவர்வரை வந்து சேர வேண்டும். அதுவரை ஏலத்தில் விலை ஏறினாலும் உங்கள் பாஸ்புக்கில் தெரியாது.

மிளகு விலையை இலங்கைக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?
– மிளகு விவசாயி, ஏற்காடு

மாத்தளையில் மிளகுக்கொடி வைத்திருக்கும் விவசாயி உங்கள் எதிரி அல்ல. அவரும் உங்களைப் போல் மழையைப் பார்த்து வாழ்பவர். இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மற்ற நாட்டு மிளகுக்கு 70 சதவீதம்வரை வரி இருக்கும்போது, இலங்கை மிளகுக்குப் பெரும் சலுகை. உடனே சிலருக்கு ஒரு வழி தெரிந்தது: வியட்நாம் மிளகை இலங்கை மிளகு என்று சொல்லிக் கொண்டுவருவது. அதனால் உங்களுக்கும் நஷ்டம், மாத்தளைக்காரருக்கும் நஷ்டம். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்து அரசு தடுக்கப் பார்த்தது. விளைந்த இடத்தை நேர்மையாகச் சோதிக்கும் ஏற்பாடு இருந்தால் இரண்டு நாட்டு விவசாயிகளும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

எப்போதும் நாம்தான் பாதிக்கப்படுகிறோமா? நாம் யாரையும் பாதித்ததில்லையா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

இந்த இதழின் சிறந்த கேள்வி. பாதித்திருக்கிறோம்.

2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2016 ஜூலையில் மொசாம்பிக்குடன் ஒப்பந்தம் போட்டோம்: நீங்கள் துவரை விளைவியுங்கள், ஆண்டுதோறும் கூட்டிக் கூட்டி வாங்குகிறோம், ஐந்தாவது ஆண்டில் 2 லட்சம் டன். அங்கே விவசாயிகள் நம்பி விதைத்தார்கள். அதே பருவத்தில் நம் விவசாயிகளும் விலையைப் பார்த்து விதைத்து, வரலாறு காணாத விளைச்சல் வந்தது. இங்கே சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போனது. 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதிக்கு அளவு வரம்பு வைத்தோம். மொசாம்பிக்குக்கான ஒப்பந்த அளவைத் தொடவில்லை என்றாலும், அங்கே வியாபாரிகள் வாங்குவதைக் குறைத்தார்கள், வயல் விலை சரிந்தது. குல்பர்கா விவசாயியும் மொசாம்பிக் விவசாயியும் ஒரே ஆண்டில் அழுதார்கள்.

அரிசியிலும் அப்படியே. உலக அரிசி ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் நம்முடையது. 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினோம். உலக விலை பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்துக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் நம் அரிசியை நம்பிச் சமைக்கும் வீடுகள் அதைத் தாங்கின. வல்லரசுகளிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம்மைவிட எளியவர்களுக்கு நாமும் தர வேண்டும்.

உலகம் மறக்கக் கூடாத பாடம் எது?
– ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், நாகர்கோவில்

ஹெய்தி. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கில் நெல் விளைவித்து வந்த நாடு அது. 1990-களின் மத்தியில் வெளி அழுத்தத்தில் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் மக்கள் அதற்கு மயாமி அரிசி என்றே பெயர் வைத்தார்கள். நெல் விவசாயம் நொடித்தது, கிராமத்தார் தலைநகரின் சேரிகளுக்குப் போனார்கள். மலிவு அரிசி மலிவாகவே இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2008-ல் உலக விலை உயர்ந்தபோது அங்கே பசிக் கலவரம் வெடித்து, பிரதமர் பதவி இழந்தார். 1990-களில் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன், 2010-ல் அந்நாட்டு செனட் குழு முன்பு, அந்தக் கொள்கை தன் ஆர்கன்சா மாநில விவசாயிகள் சிலருக்கு உதவியிருக்கலாம், ஹெய்திக்கு உதவவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது பெருமைக்குரியது. ஆனால் போன வயல் திரும்பவில்லை.

அப்படியானால் கதவை அடைத்துவிடலாமே?
– பால் உற்பத்தியாளர், ஈரோடு

அடைக்க வேண்டாம். தாழ்ப்பாள் நம் கையில் இருந்தால் போதும். அதற்கு உங்கள் தொழிலே சாட்சி. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது ஐரோப்பாவில் பால் பவுடரும் வெண்ணெயும் மலையாகத் தேங்கியிருந்தன. அவை உலக உணவுத் திட்டத்தின் வழியாக நமக்கு இலவசமாக வந்தன. அதை ஊரெல்லாம் மலிவாக இறைத்திருந்தால் நம் மாட்டுத் தொழுவங்கள் காலியாகியிருக்கும். அந்தத் திட்டத்தை நடத்திய வர்கீஸ் குரியனும் அவரது குழுவும் அதை உள்ளூர்ப் பாலின் விலையைக் கெடுக்காத விலைக்கு விற்று, வந்த பணத்தில் கூட்டுறவுப் பால் பண்ணைகளைக் கட்டினார்கள். 1990-களின் இறுதியில் இந்தியா உலகின் முதல் பால் உற்பத்தி நாடானது.

அதே விழிப்புதான் 2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில் தெரிந்தது. நியூசிலாந்தும் அடங்கிய ஆசிய–பசிபிக் பெரு வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது. பால் விவசாயிகளின் எதிர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெளிச் சரக்கு வருவதால் மட்டும் யாரும் அழிவதில்லை. எந்த விலையில், எந்த நேரத்தில், யாருக்குச் சேரும்படி வருகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது.

தென்னைக்கு ஊடே கோகோ போடலாமா? 2024-ல் விலை எகிறியதே!
– இளம் விவசாயி, பொள்ளாச்சி

போடுங்கள், ஆனால் 2024 விலையைக் கணக்கில் வைத்துப் போடாதீர்கள். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் கோகோ டன் 12,000 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் மழையும் நோயும் விளைச்சலைக் கெடுத்ததால் வந்த ஏற்றம் அது. அங்கே விலையை அரசு முன்கூட்டியே நிர்ணயிப்பதால், அந்த உச்ச விலை அந்த விவசாயிகளுக்கே முழுதாகப் போய்ச் சேரவில்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் வெனிலாவைப் பற்றிக் கேளுங்கள். 2000-ல் மடகாஸ்கரை ஹூடா புயல் தாக்கியது. வெனிலா விலை ஏறிக்கொண்டே போய் 2003-ல் உச்சம் தொட்டது. கேரளத்திலும் குடகிலும் கடன் வாங்கிக் கொடி நட்டார்கள். அந்தக் கொடி காய்க்க மூன்றாண்டு ஆகும். காய்த்தபோது மடகாஸ்கர் மீண்டுவிட்டது, விலை படுத்துவிட்டது. இன்னொருவர் புயலில் கிடைத்த விலை அவர் நிமிர்ந்ததும் போய்விடும். ஊடுபயிராக, கடன் இல்லாமல், விலை பாதியானாலும் தாங்கும் கணக்கோடு இறங்குங்கள்.

மருந்து எச்சம் என்று சொல்லி வெளிநாட்டில் திருப்பி அனுப்புகிறார்கள். இது நம்மை ஒடுக்கும் தந்திரம்தானே?
– ஏலக்காய் வியாபாரி, போடிநாயக்கனூர்

சில நேரம் தந்திரமாகவும் இருக்கும். ஆனாலும் அந்த மருந்து வெளிநாட்டவர் தட்டுக்குப் போகும் முன்பு, நம் தோட்டத்தில் அதை அடித்தவரின் மூக்கு வழியாகப் போயிருக்கிறது. எச்சம் குறைந்தால் முதலில் பிழைப்பவர் அவர்தான். நாம் சீர்செய்தால் இப்படிப்பட்ட தடை விலகும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2014 மே மாதம் பழ ஈயைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தைத் தடுத்தது. ஏற்றுமதிக்கு முன் பரிசோதனையைச் சீர்செய்தோம். 2015 தொடக்கத்தில் தடை நீங்கியது. விதி கடுமையாக இருப்பதைவிட, சோதனைக்கூடம் சிறு விவசாயிக்கு எட்டாத தூரத்தில் இருப்பதே பெரிய அநீதி.

நான் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறேன். ஏலக்காய் விலை ஏறினால் எனக்கு என்ன வரும்?
– தோட்டத் தொழிலாளி, கம்பம்

தானாக எதுவும் வராது, அம்மா. விடிவதற்குள் ஜீப் ஏறி மலைக்குப் போகும் உங்களைப் போன்றவர்கள்தான் இந்த வர்த்தகத்தைச் சுமக்கிறீர்கள். கௌதமாலாவில் விளைச்சல் குறைந்தால் போடி ஏலத்தில் விலை ஏறும். உங்கள் கூலி அங்கே நிர்ணயமாவதில்லை, சட்டத்திலும் பேச்சுவார்த்தையிலும் நிர்ணயமாகிறது. விலை ஏறினால் பலன் தோட்டக்காரர் வீட்டோடு நிற்கிறது, இறங்கினால் அடி உங்கள் வீடுவரை வருகிறது. ஆகவே உழவர் நலன் என்று யார் பேசினாலும், நிலமில்லாதவர் கூலியையும், பெண்களின் வேலை நாள்களையும், உங்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பின் பாதுகாப்பையும் சேர்த்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். சங்கமாகக் கேட்டால் ஏற்றத்திலும் ஒரு பங்கு வரும்.

ஒரே ஒரு ஆணையில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்குக் கிடைத்தால்?
– வாசகர், புதுச்சேரி

விதைப்புக்கு முன் அறிவித்த இறக்குமதி வரியும் ஏற்றுமதி விதியும் அந்த வெள்ளாமை விற்றுத் தீரும்வரை மாறக் கூடாது. தென்னை, தேயிலை, மிளகு போன்றவற்றுக்குச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். பஞ்சமோ போரோ வந்து மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதனால் விவசாயி இழந்த தொகையை அரசு கஜானா ஈடுகட்ட வேண்டும். விலை குறைந்ததில் நாடு முழுவதும் பலன் பெறுகிறது, செலவையும் நாடு முழுவதும் பகிரட்டும். இந்த ஆணை வந்தால் கடலைக்காரர், வெங்காயக்காரர், பருத்திக்காரர், மொசாம்பிக் துவரைக்காரர் எல்லாருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். விலை வீழ்ச்சி அப்போதும் வரும். தன் அரசே பாதியில் கைவிடாது என்ற உறுதி மட்டும் இருக்கும்.

எனக்கு அந்த அதிகாரம் கிடைக்கப்போவதில்லை. வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவருக்குக் கிடைக்கலாம். அவரிடம் கேளுங்கள்: விதியை மாற்றுவதானால் நாங்கள் விதைக்கும் முன் சொல்வீர்களா?